‘வலை’யைத் தேடினால் ‘கவலை’ ஏன் வருகிறது? தரவுத்தளத்தில் இறக்குமதியும் தேடலும்

திருகோணமலைப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் பதிவேடு முழுக்க எக்செலில் கிடக்கிறது. அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, முகவரி, வள்ளத்தின் விவரம், ‘குறிப்பு’ என்றொரு நிரல், கடைசியில் ஊர். இதை ஒரு தரவுத்தளத்துக்கு மாற்றிவிட்டால் யார் எந்த ஊர், யாருடைய வலை கிழிந்தது, யாருக்கு எஞ்சின் பழுது என்று நினைத்த நேரத்தில் தேடி எடுக்கலாம். கோப்பை ஏற்றியாயிற்று. திரையில் ‘மூதூர்’ என்று பளிச்சென்று தெரிகிறது. ஆனால் மூதூர் என்று தேடினால் ஒரு நிரைகூட வரவில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் தேடல் கட்டளையைத்தான் மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது, தரவை ஏற்றும்போதே உள்ளே நுழைந்திருக்கும். நாம் பார்ப்பது எழுத்தின் உருவத்தை. தரவுத்தளம் பார்ப்பது அந்த உருவத்துக்குப் பின்னால் இருக்கும் எண்களை. உருவம் ஒன்றாக இருந்தும் எண்கள் வேறாக இருக்க முடியும் என்பது பிடிபட்டுவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி.

தொடர்புநிலைத் தரவுத்தளம் என்பது 1970இல் எட்கர் கொட் முன்வைத்த யோசனை. எல்லாத் தரவும் நிரையும் நிரலுமாக அட்டவணைகளில் இருக்கும். எந்த நிரலில் எண் வரும், எதில் திகதி வரும், எதில் எத்தனை எழுத்து நீளமுள்ள உரை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எக்செலுக்கு அந்தக் கண்டிப்பெல்லாம் கிடையாது. ஒரே நிரலில் எண்ணும் இருக்கும், ‘தெரியாது’ என்றும் எழுதியிருக்கும். கண்டிப்பானதும் கண்டுகொள்ளாததும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம்தான் இறக்குமதி. அங்கே சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் அதிகம் புழங்கும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வைத்தே சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழெழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.

எக்செலை விட்டு வெளியே வரும்போதே

தரவுத்தளத்துக்குப் போகும் கோப்பு வழக்கமாக சிஎஸ்வி என்ற வகையில் இருக்கும். ஒவ்வொரு நிரையும் ஒரு வரி, இடையில் காற்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துருவோ நிறமோ கலத்தின் அமைப்போ எதுவும் அதில் இருக்காது. எக்செலில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து வெறும் சிஎஸ்வி என்று தெரிவு செய்தால், பல கணினிகளில் தமிழெழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். பட்டியலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒன்று இருக்கும் (யூடிஎஃப்-8 என்பது யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் ஒரு முறை), அதைத்தான் எடுக்க வேண்டும். கேள்விக்குறியாக மாறிய தமிழை மீட்க வழியே இல்லை. அந்த இடத்தில் இருந்த எண் அழிந்து, கேள்விக்குறியின் எண் உட்கார்ந்துவிட்டது. மூல எக்செல் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தது அடையாள அட்டை. பழைய இலக்கத்தில் 9 எண்களும் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். எழுத்து இருப்பதால் எக்செல் அதை உரையாகவே எடுத்துக்கொள்ளும், தொந்தரவில்லை. 2016 முதல் வந்த புதிய இலக்கத்தில் 12 எண்கள். எக்செல் அதை ஒரு பெரிய தொகை என்று நினைத்து 1.99 என்று தொடங்கி, ஆங்கில ‘ஈ’ எழுத்துப் போட்டு, பக்கத்தில் 11 என்று சுருக்கிக் காட்டும். கோப்புக்குள் முழு எண்ணும் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் எழுதுவது திரையில் தெரிவதை. கடைசி எண்கள் போனது போனதுதான். தொலைபேசி இலக்கமும் அப்படியே. 026 என்று தொடங்கும் இலக்கத்தை எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் பூச்சியம் காணாமல் போகும். இந்த இரண்டு நிரல்களையும், தரவைத் தட்டுவதற்கு முன்பே ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிடுங்கள். தரவுத்தளத்திலும் இவை உரை நிரல்களாகவே இருக்கட்டும். கூட்டிக் கழிக்கப் போகாத இலக்கத்தை எண்ணாக வைத்திருப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

திகதி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாம் 03/04/2019 என்று நாளை முதலில் எழுதுகிறோம். மைஎஸ்கியூஎல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எதிர்பார்க்கும். எக்செலிலேயே அந்த வரிசைக்கு மாற்றிவிட்டு ஏற்றுவது நல்லது.

முகவரியில்தான் காற்புள்ளி வில்லங்கம். ‘இல. 12, உட்துறைமுக வீதி, திருகோணமலை’ என்பது நமக்கு ஒரு முகவரி. காற்புள்ளியால் வெட்டும் இயந்திரத்துக்கோ அது 3 நிரல். எக்செல் இப்படியான கலத்தைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டுத்தான் எழுதும். ஏற்றும் கட்டளைக்கும் ‘மேற்கோளுக்குள் இருப்பதை வெட்டாதே’ என்று சொல்ல வேண்டும். மைஎஸ்கியூஎலின் ‘லோட் டேட்டா’ கட்டளை, நாம் எதுவும் சொல்லாவிட்டால், நிரல்களுக்கிடையில் டேப் இருக்கும் என்று எதிர்பார்க்கும். காற்புள்ளி என்றும் மேற்கோள் என்றும் வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டால், ஒரு முழு வரியும் முதல் நிரலுக்குள் திணிக்கப்படும். ‘முதல் நிரலில் எல்லாம் இருக்கிறது, மற்றதெல்லாம் காலி’ என்று யாராவது தலையில் கை வைத்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கோப்பே திறக்க மாட்டேன் என்கிறது

ஏற்றும் கட்டளை இரண்டு வகை. ஒன்றில் கோப்பை வாசிப்பது தரவுத்தள சேர்வர். இன்னொன்றில் வாசிப்பது நீங்கள் கட்டளையைத் தட்டிக்கொண்டிருக்கும் மென்பொருள். சேர்வர் வேறு கணினியில் இருந்தால் உங்கள் மேசைத்திரையில் இருக்கும் கோப்பு அதன் கண்ணுக்கே தெரியாது. ஒரே கணினியில் இருந்தாலும், சேர்வர் வேறொரு பயனராக ஓடுவதால் உங்கள் கோப்புறைக்குள் நுழைய அனுமதி இருக்காது. போஸ்ட்கிரெஸில் ‘காப்பி’ கட்டளை அனுமதி மறுப்பு என்று சொன்னால், அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு, போஸ்ட்கிரெஸோடு வரும் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎலில் ஓட்டினால் போதும். அப்போது வாசிப்பது உங்கள் பக்கம்.

மைஎஸ்கியூஎலில் ‘செக்கியூர் ஃபைல் பிரிவ்’ என்ற அமைப்பின் பெயரைச் சொல்லிப் பிழை வந்தால், சேர்வர் ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் இருந்து மட்டும் வாசிக்கும் என்று அர்த்தம். கோப்பை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். அல்லது ‘லோக்கல்’ என்ற சொல்லைச் சேர்த்து உங்கள் பக்கமிருந்து அனுப்பலாம். 8ஆம் பதிப்பில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும், சேர்வரிலும் உங்கள் பக்கத்திலும் இரண்டிலும் திறந்துவிட வேண்டும். விண்டோஸ் பாவிப்பவர்கள் கோப்பின் பாதையில் பின்சாய்கோட்டுக்குப் பதில் முன்சாய்கோடு போடுங்கள்.

‘லோக்கல்’ சேர்த்தால் ஒரு பக்கவிளைவு உண்டு. பிழையாக நிற்க வேண்டிய பல விஷயங்கள் வெறும் எச்சரிக்கைகளாகிவிடும். நீளம் மிஞ்சிய முகவரி வெட்டுப்பட்டு உள்ளே போகும், பிழையான திகதி பூச்சியங்களாகப் போகும், கட்டளை மட்டும் ‘சரி, முடிந்தது’ என்று சொல்லும். முடிவில் வரும் வரியில் எச்சரிக்கை எண்ணிக்கை 0 ஆக இல்லாவிட்டால் உடனே ‘ஷோ வார்னிங்ஸ்’ போட்டுப் பாருங்கள். பிறகு பார்க்கலாம் என்று அடுத்த கட்டளையைத் தட்டினால் அந்தப் பட்டியல் போய்விடும். போஸ்ட்கிரெஸ் இதற்கு நேர் எதிர். ஒரு நிரை பிழைத்தாலும் முழு ஏற்றத்தையும் ரத்து செய்துவிடும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். எனக்கு இந்தக் கண்டிப்புத்தான் பிடிக்கும், பாதி ஏறிய தரவைத் துப்பரவாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நல்ல பழக்கம்: முதலில் எல்லா நிரல்களையும் உரை வகையாக வைத்த ஒரு தற்காலிக அட்டவணைக்கு ஏற்றுங்கள். உரை எதையும் ஏற்றுக்கொள்ளும், சண்டை வராது. அங்கே வைத்துச் சுத்தம் செய்து, பிறகு உண்மையான அட்டவணைக்கு மாற்றுங்கள்.

எண்ணிப் பார்த்தால் தெரியும்

தரவு ஏறியாயிற்று, தேடல்தான் வேலை செய்யவில்லை. இப்போது கட்டளையைத் தொடாமல், அந்த ஊர்ப் பெயரின் நீளத்தைக் கேளுங்கள். இரண்டு நீளம் கேட்க வேண்டும். எத்தனை குறியீடு (எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோட் தரும் எண்), எத்தனை பைட் (கணினி சேமிக்கும் அலகு). மைஎஸ்கியூஎலில் முதலாவதைக் ‘கேர் லெங்த்’தும் இரண்டாவதை ‘லெங்த்’தும் சொல்லும். போஸ்ட்கிரெஸில் ‘லெங்த்’ குறியீட்டைச் சொல்லும், ‘ஆக்டெட் லெங்த்’ பைட்டைச் சொல்லும்.

‘மூதூர்’ என்பதில் நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் ம, ஊகாரக் குறி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று 6 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 18. ‘திருகோணமலை’ 6 எழுத்து, 10 குறியீடு, 30 பைட். நிரலின் நீளத்தைத் தீர்மானிக்கும்போதும் இந்தக் கணக்கு உதவும். மைஎஸ்கியூஎலிலும் போஸ்ட்கிரெஸிலும் நிரலுக்கு 20 என்று நீளம் கொடுத்தால் அது 20 குறியீடு. கண்ணால் எண்ணிய 20 எழுத்து அதற்குள் அடங்காது.

சரி, இப்போது உங்கள் தரவில் வரும் விடையைப் பாருங்கள். 6, 18 என்று வந்தால் அந்தக் கலம் ஒழுங்காக இருக்கிறது. 7, 19 என்று வந்தால்? கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் கடைசி நிரலாக இருந்தால் அது யாரென்று ஊகிக்கலாம். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்ற இரண்டு குறியீடுகளைப் போடும். ஏற்றும் கட்டளை 10 மட்டுமே வரியின் முடிவு என்று நினைத்தால் 13 ஊர்ப் பெயரோடு சேர்ந்து உள்ளே போய்விடும். திரையில் அதற்கு உருவமே இல்லை. ஆனால் ‘மூதூர்’ என்று தேடுபவருக்கு ‘மூதூரும் 13உம்’ கிடைக்கவே கிடைக்காது. ‘டிரிம்’ போட்டும் சரிவரவில்லையே என்று குழம்ப வேண்டாம், டிரிம் இயல்பாக எடுப்பது சாதாரண இடைவெளியை மட்டும்தான். ‘ரிப்ளேஸ்’ கொண்டு 13ஐக் குறிப்பிட்டு நீக்க வேண்டும். இணையப் பக்கத்தில் இருந்து ஒட்டிய உரையில் இதே மாதிரி 160 என்ற உடையா இடைவெளியும், சில விசைப்பலகைகள் இடையில் நுழைக்கும் 8204 என்ற அகலமற்ற குறியும் வரும்.

முதல் நிரையின் முதல் கலம் மட்டும் அடம்பிடித்தால் கோப்பின் தலையில் இருக்கும் அடையாளக் குறியைச் சந்தேகியுங்கள். எக்செல், யூடிஎஃப்-8 சிஎஸ்வியின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற 3 பைட்டை எழுதும். முதல் வரி தலைப்பாக இருந்து அதைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால் அந்தக் குறியும் அதோடு போய்விடும், கவலையில்லை. தலைப்பு இல்லாத கோப்பில் அது முதல் மதிப்போடு ஒட்டிக்கொண்டு, எண்ணாக இருக்க வேண்டிய இடத்தில் ‘இது எண் அல்ல’ என்று பிழை காட்ட வைக்கும். நீங்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அங்கே எண்தான் தெரியும்.

குறியீடு 18 என்று வந்தால் விஷயம் வேறு. 6 இருக்க வேண்டிய இடத்தில் மும்மடங்கு. யூடிஎஃப்-8 பைட்டுகள் ஒவ்வொன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தென்று எடுத்துக்கொண்டு ஏற்றியிருக்கிறது. திரையிலும் தெரியும்: தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி அதே ‘ஏ’ என்று வரிசையாக ஓடும். தமிழின் பைட்டுகள் எப்போதும் 224இல் தொடங்கி அடுத்து 174 அல்லது 175 வருவதால்தான் இந்த இரண்டும் திரும்பத் திரும்பத் தெரிகின்றன. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது மீட்கக்கூடியது. மைஎஸ்கியூஎலில் அந்த நிரலை லத்தீன்1க்கு மாற்றி, அதை வெறும் பைனரியாக எடுத்து, பிறகு ‘யூடிஎஃப்8 எம்பி4’ என்று வாசிக்கச் சொன்னால் தமிழ் திரும்பி வரும். ஒரு பிரதியில் செய்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அதைவிட நல்லது, ஏற்றும் கட்டளையிலேயே எழுத்துக்குறி முறையைச் சொல்லி மறுபடி ஏற்றுவது. பெயரில் ‘எம்பி4’ இல்லாத பழைய ‘யூடிஎஃப்8’ தமிழுக்குப் போதும், ஆனால் 4 பைட் கேட்கும் எமோஜி அதில் ஏறாது. குறிப்பு நிரலில் யாராவது ஒரு மீன் படம் போட்டிருந்தால் அந்த நிரை அங்கேயே மாட்டும்.

குறியீடும் பைட்டும் சமமாக வந்தால், ‘திருகோணமலை’க்கு 10, 10 என்று, அங்கே யூனிகோட் தமிழே இல்லை. ஒன்று கேள்விக்குறிகள், இல்லாவிட்டால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நம் பக்கத்துப் பழைய கோப்புகளில் பாமினி எவ்வளவு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாமினியில் தட்டிய ‘திருகோணமலை’ எக்செலில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் கைங்கரியம். உள்ளே இருப்பது ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற ஆங்கில எழுத்துகள். தரவுத்தளத்துக்கு எழுத்துருவைப் பற்றித் தெரியாது, அதனால் அப்படியே காட்டும். ‘பரவாயில்லை, நானும் பாமினியிலேயே தட்டித் தேடிக்கொள்கிறேன்’ என்று சிலர் சமாளிப்பார்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாமினியில் சின்ன ‘எஃப்’ என்றால் க, பெரிய ‘எஃப்’ என்றால் கு. மைஎஸ்கியூஎல் இயல்பாக ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். ‘கடை’ என்று தேடினால் ‘குடை’யும் வந்து நிற்கும். பாமினியை ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், வேறு பேச்சே இல்லை.

எழுத்துக்குப் பதில் வெற்றுப் பெட்டிகள் தெரிந்தால் மட்டும் பதற வேண்டாம். அது உங்கள் திரையில் தமிழ் எழுத்துரு இல்லாத குறை, தரவு நன்றாகத்தான் இருக்கும்.

ஒரே தோணி, இரண்டு எண்வரிசை

நீளமெல்லாம் சரி, ஆனாலும் சில நிரைகள் மட்டும் தேடலில் விடுபடுகின்றன. ‘தோணி’ என்ற சொல்லை எடுங்கள். அதில் ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். முதல் முறையில் தோணிக்கு 4 குறியீடு, இரண்டாவதில் 5. அச்சடித்தால் மயிரிழை வித்தியாசம் தெரியாது. விசைப்பலகைக்கு விசைப்பலகை, மாற்றிக்கு மாற்றி இது மாறும். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் தட்டிய பதிவேட்டில் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

இதற்கு மருந்து நோர்மலைசேஷன். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கென்றே ‘நோர்மலைஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. மைஎஸ்கியூஎலில் அது இல்லை, ஏற்றுவதற்கு முன் பைத்தான் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிச் செய்யலாம். தேடும் சொல்லுக்கும் இதையே செய்ய வேண்டும். தரவை ஒழுங்குபடுத்திவிட்டுத் தேடலை விட்டால் பழைய கதைதான்.

நோர்மலைசேஷன் தொடாத சிக்கல்களும் உண்டு. ‘கௌரி’ என்ற பெயரை ஔகாரக் குறியோடும் எழுதுவார்கள், கொம்பு போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுத்தை வைத்து ‘கெளரி’ என்றும் எழுதுவார்கள். பின்னதில் இருப்பது உண்மையான ளகரம், யூனிகோடின் பார்வையில் அது வேறொரு சொல். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான், 3000 என்ற ஸகரத்தில் தொடங்குவதும் 2998 என்ற ஶகரத்தில் தொடங்குவதும் திரையில் ஒரே மாதிரி இருக்கும். கோயில் பெயர்களைத் தேடும்போது மாட்டிக்கொள்ளும் இடம் இது.

பிறகு ஊர்ப் பெயர். திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, ட்ரிங்கோ. நாலும் ஒன்று என்பது நமக்குத்தான் தெரியும், எந்த நோர்மலைசேஷனுக்கும் தெரியாது. இதற்கு ஊர்களுக்கென்று தனி அட்டவணை வைத்து, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, உறுப்பினர் அட்டவணையில் அந்த இலக்கத்தை மட்டும் வைப்பதுதான் முறை. கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி என்று மாவட்டத்து ஊர்களைப் பட்டியலிட எவ்வளவு நேரம் ஆகும்? தட்டச்சை நம்புவதைவிடத் தெரிவுப் பட்டியலை நம்பலாம்.

வலையும் கவலையும்

இனித்தான் உண்மையான தேடல். ஊர் போன்ற முழு மதிப்புக்குச் சமக்குறி போதும். ‘குறிப்பு’ நிரலில் ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் சொல்லைப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு வழி.

முதல் வழி ‘லைக்’. தேடும் சொல்லுக்கு முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டால், ‘இந்தக் குறியீட்டு வரிசை எங்கே இருந்தாலும் எடு’ என்று அர்த்தம். இப்படி ‘வலை’ என்று தேடினால் ‘வலை கிழிந்தது’ வரும், ‘கரைவலை’ வரும், ‘கடன் பற்றிக் கவலை தெரிவித்தார்’ என்ற குறிப்பும் வரும். கவலைக்குள் வலை இருக்கிறதே! லைக்குக்குச் சொல் என்றால் என்னவென்றே தெரியாது, அது பார்ப்பது குறியீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்பதை மட்டும். முன்னால் சதவீதக் குறி இருந்தால் சாதாரண சுட்டி (தேடலை வேகமாக்கத் தரவுத்தளம் கட்டிவைக்கும் அடைவு) எதுவும் உதவாது, ஒவ்வொரு நிரையையும் முதலில் இருந்து கடைசிவரை வாசிக்கும். சில ஆயிரம் உறுப்பினர் உள்ள சங்கத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. லட்சக்கணக்கில் போனால் காத்திருக்க வேண்டிவரும்.

இரண்டாவது முழு உரைத் தேடல். ஒரு தடித்த புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் என்று, அப்படியொன்றைத் தரவுத்தளம் முன்கூட்டியே கட்டிவைக்கும். போஸ்ட்கிரெஸில் இதற்கு ‘டிஎஸ் வெக்டர்’ என்ற வகையும் ‘ஜின்’ சுட்டியும். மைஎஸ்கியூஎலில் ‘ஃபுல் டெக்ஸ்ட்’ சுட்டி போட்டு, ‘மேட்ச்… அகெய்ன்ஸ்ட்’ என்று கேட்க வேண்டும். இதில் ‘வலை’ என்று தேடினால் கவலை வராது, நிம்மதி. ஆனால் கரைவலையும் வராது. இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதியதால் அது இதற்கு வேறு ஒரு சொல். ‘வலையில்’, ‘வலைக்கு’ என்பவையும் அப்படியே.

தமிழில் தேடல் கட்டுபவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் சந்தி இது. பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டும்போது பெயரின் வாலும் மாறுகிறது. ‘வலை’, ‘தோணி’ போன்றவை சிக்கலில்லை, ‘தோணியில்’ என்பதன் முன்பகுதி தோணியாகவே இருக்கும். ‘கடல்’ என்பதைப் பாருங்கள். லைக் போட்டுத் தேடினாலும் ‘கடலில்’ கிடைக்காது, ஏனென்றால் கடலில் என்பதில் ல மேல் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. புள்ளியை எடுத்துவிட்டு ‘கடல’ என்று தேடினால் கடல், கடலில், கடலுக்கு எல்லாம் வரும். ‘படகு’ என்றால் உகரக் குறியை எடுத்து ‘படக’. புள்ளியில் முடியும் சொல்லுக்குப் புள்ளியை நீக்கு, உகரத்தில் முடிந்தால் உகரத்தை நீக்கு: இந்த இரண்டு விதியே வெகுதூரம் கொண்டுபோகும். ‘வீடு’ போல ஒற்று இரட்டிக்கும் சொல்லும் இதில் அடங்கும், ‘வீட’ என்று தேடினால் ‘வீட்டில்’ வரும், அதுவும் வ, ஈகாரக் குறி, ட என்றே தொடங்குகிறது.

மகர மெய்யில் முடிபவை இன்னும் குறும்பு. ‘வள்ளம்’ என்பது ‘வள்ளத்தில்’ என்றாகும், இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது ‘வள்ள’. அதை வைத்துத் தேடினால் வள்ளங்களோடு வள்ளி, வள்ளியம்மை என்று பெயர்களும் வரிசையில் நிற்கும். குறிப்பு நிரலில் மட்டும் தேடி, பெயர் நிரலை விட்டுவிட்டால் அது ஓரளவு அடங்கும்.

முழு உரைத் தேடலிலும் முன்பகுதியை மட்டும் கொடுக்கலாம். மைஎஸ்கியூஎலில் பூலியன் முறையில் சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி, போஸ்ட்கிரெஸில் முக்காற்புள்ளியும் நட்சத்திரமும். ‘கடல’ என்று கொடுத்து நட்சத்திரம் போட்டால் சொல்லடைவில் இருந்தே எடுத்துத் தரும், வேகமும் கெடாது. போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழுக்கென்றே ஒரு விகுதி வெட்டி சேர்ந்து வருகிறது, ‘தமிழ்’ என்ற அமைப்பைத் தெரிவு செய்தால் அது வேலை செய்யும். உங்கள் குறிப்புகளில் சிலவற்றை ‘டிஎஸ் டீபக்’ கொண்டு ஓட்டி, எந்தச் சொல்லை எங்கே வெட்டுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிடிக்காவிட்டால் ‘சிம்பிள்’ என்ற அமைப்பு இருக்கிறது, அது எதையும் வெட்டாது. எதை எடுத்தாலும் சுட்டிக்கும் தேடலுக்கும் ஒன்றையே கொடுங்கள். சுட்டியில் தமிழும் தேடலில் சிம்பிளும் இருந்தால் இரண்டு பக்கமும் வேறு வேறு சொல்லைப் பேசிக்கொண்டிருக்கும்.

மைஎஸ்கியூஎல்காரர்கள் முழு உரைத் தேடலில் விழும் குழிகள் சில. மேட்ச்சுக்குள் கொடுக்கும் நிரல்களின் பட்டியல், சுட்டி போட்டபோது கொடுத்த அதே பட்டியலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுட்டியே இல்லை என்று பிழை வரும். சின்னச் சொற்களை அது கண்டுகொள்ளாது. மைஎஸ்கியூஎல் அட்டவணைகளைச் சேமிக்கும் முறைகளில், இன்னோடிபியில் இயல்பான கீழ் எல்லை 3 குறியீடு, பழைய மைஐசாமில் 4. ‘வலை’ 3 குறியீடு என்பதால் முன்னதில் தப்பிக்கும், பின்னதில் காணாமல் போகும். 2 குறியீடுள்ள ‘தீ’ இரண்டிலும் கிடைக்காது. எல்லையை மாற்றினால் சேர்வரை மறுபடி தொடக்கி, சுட்டியையும் புதிதாகக் கட்ட வேண்டும், மாற்றிய கையோடு தேடினால் பலன் இருக்காது. மைஐசாமில் இன்னொரு வேடிக்கை: சாதாரண முறையில், பாதிக்கு மேற்பட்ட நிரைகளில் வரும் சொல்லை அது பொருட்படுத்தாது. சோதனைக்கென்று 3 நிரை போட்டு, மூன்றிலும் ‘வலை’ என்று எழுதித் தேடினால் ஒன்றும் வராது.

நான் இப்படியொரு பதிவேட்டைக் கட்டினால் உறுப்பினர் எழுதித் தந்த குறிப்பைக் கை வைக்காமல் ஒரு நிரலில் விட்டுவிடுவேன். பக்கத்தில் ‘தேடல்’ என்று இன்னொரு நிரல். அதில் நோர்மலைஸ் செய்து, 13, 160, 8204 போன்றவற்றை நீக்கி, ‘கெள’வை ‘கௌ’ ஆக்கி, கரைவலை மாதிரி சேர்ந்து நிற்கும் தொழிற்சொற்களுக்குப் பக்கத்தில் ‘வலை’ என்று பிரித்தும் எழுதி வைப்பேன். தேடல் முழுக்க அந்த நிரலில். திரையில் காட்டுவது மூல நிரலை. ‘கெளுத்தி’ மீனின் முதலிரண்டு எழுத்தும் அந்த மாற்றத்தில் அகப்படும் என்பதால், அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாமல் ஆட்பெயர் நிரலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.